குறை கேட்டு வளர்ந்த வண்டி

பெருந்துறை ரோட்டு ஷோரூமில் நின்றிருந்த பெரிய வண்டி ஒரு சாண் வளர்ந்துவிட்டது என்ற சேதி காங்கேயத்துக்கு வந்து சேர்ந்த அன்று, ஊர் அதைக் கேட்டுவிட்டு டீயை ஆற்றிக் குடித்தது. வளர்ந்தால் வளரட்டும், கன்றுக்குட்டி வளர்கிறது, புடலங்காய் வளர்கிறது, பக்கத்து வீட்டுக்காரனின் மதில் சுவர் வருஷா வருஷம் நம் பக்கமாக வளர்கிறது, வண்டி வளர்ந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். வளர்ந்த கையோடு அதன் விலையும் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டபோதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. தானாக வளர்ந்ததற்குக் கம்பெனிக்காரன் என்ன தீவனமா வைத்தான் என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு, எண்ணெய் மில், சலூன், வாரச் சந்தை என்று சுற்றி வந்து, சாயங்காலத்துக்குள் ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டது.

அந்த ஒரு சாணுக்குக் காரணம் கொப்பரை வியாபாரி தெய்வசிகாமணி. குறை சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது கெட்ட குணம் என்று நினைத்துவிட வேண்டாம், தொழில் முறை. அந்தப் பக்கத்து மாட்டுச் சந்தையில், வாங்க வந்தவன் தனக்குப் பிடித்த மாட்டைப் புகழ்ந்தால் தொலைந்தான், விற்கிறவன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அதனால் பிடிக்காத மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு, பிடித்த மாட்டின் அருகே போய் முகத்தைச் சுளித்து, கொம்பு விரிந்து கிடக்கிறது, திமில் சாய்கிறது, சுழி சரியில்லை என்று நாலு குறை சொல்லி, அதற்கப்புறம்தான் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேச வேண்டும். தெய்வசிகாமணியின் அப்பா மாடு வாங்கியது அப்படி, தெய்வசிகாமணி கொப்பரை வாங்குவது அப்படி, பெண் பார்க்கப் போன இடத்தில் பூங்கோதையைக் கண்டு மனசு கிறங்கிப் போய், "காப்பியில சக்கரை தூக்கலா இருக்குதுங்க" என்று அவர் சொன்னதும் அப்படித்தான். பூங்கோதை அன்றைக்கே ஆளைப் புரிந்துகொண்டாள். இந்த மனுஷர் எதைப் பற்றி அதிகம் குறை சொல்கிறாரோ அதன் மேல்தான் உயிரை வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, இத்தனை வருஷமாக அவர் சொன்ன குறைகளையெல்லாம் தலைக்குப் பூ வைத்துக்கொள்வது போல வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தப் பூங்கோதை இப்போது கட்டிலில் இருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மகள் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில், கொப்பரைக் களத்தில் கால் வழுக்கி விழுந்தவளை, வீட்டில் இருந்த சின்னக் காரின் பின்சீட்டில் மடக்கி உட்கார வைத்துத்தான் கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள். அதில் படுக்க வைக்க இடம் இல்லை. வழியெல்லாம் அவள் கத்திய கத்தலைக் கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டியவர் தெய்வசிகாமணி. முதுகுக்குள் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். படுக்கலாம், யாரையாவது பிடித்துக்கொண்டு நாலெட்டு நடக்கலாம், உட்கார மட்டும் முடியாது. ஆனால் படுத்த இடத்திலிருந்தே போனைப் போட்டுச் சுற்றுவட்டாரத்துக் கொப்பரை விலையையெல்லாம் விசாரித்துப் புருஷனுக்குச் சொல்லிவிடுவாள், சாம்பாருக்குப் பெருங்காயம் போடவில்லை என்பதை வாசனையிலேயே கண்டுபிடித்து அடுப்படிக்குக் கேட்கும்படி சத்தம் போடுவாள், வருகிறவர்கள் உச்சுக் கொட்டினால் முகத்துக்கு நேராகக் கதவைக் காட்டுவாள். அப்படி ஒரு மனுஷி லேசில் அமைய மாட்டாள்.

மகள் சிந்துஜாவைப் பரமத்திப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு மகளை அழைத்து வரும்போது பெற்றவள்தான் நேரில் போய், சம்பந்தி வீட்டு வாசலில் நின்று, என் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்க வேண்டும். அவர்கள் வழக்கம் அது. தன் தங்கையை அனுப்பலாம் என்று தெய்வசிகாமணி சொல்லிப் பார்த்தார், பூங்கோதை காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸில் படுத்தபடியே போய்விடலாமே என்றார்.

"ஏனுங்க, ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னா மாசமா இருக்கற புள்ளைக்கு ஈரக்கொலை நடுங்கிப் போயிராதுங்களா? நான் படுத்துட்டு வேணா போறேன். நோயாளியாப் போக மாட்டேன். என்ற மகள நாந்தான் போயிக் கேட்டுக் கூட்டியாருவேன்."

பூங்கோதை கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு பெரிய வண்டி வேண்டும், அதுவும் ஒன்பதாம் மாசம் பிறப்பதற்குள் வேண்டும். தெய்வசிகாமணி மைத்துனன் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சென்னியப்பன் பூங்கோதையின் தம்பி, அக்காவும் தம்பியும் அச்சாக ஒரே உயரம், அதனால் போகிற ஷோரூமில் எல்லாம் பின்சீட்டுகளை மடக்கிப் போடச் சொல்லிவிட்டு அவன் ஏறி மல்லாந்து படுப்பான், தெய்வசிகாமணி சுற்றி வந்து பார்ப்பார். ஈரோட்டில் ஒரு வண்டிக்குக் கூரை திறந்தது, மழையே பெய்யாத ஊரில் வானத்தைப் பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று வந்துவிட்டார்கள். திருப்பூரில் ஒரு வண்டி ஆற்றுத் தண்ணீரிலும் போகும் என்றார்கள், ஆற்றில் தண்ணீர் எங்கே என்று சென்னியப்பன் கேட்டான். கோயமுத்தூரில் ஒன்று வெளியே பார்க்க மலை மாதிரி இருந்து உள்ளே மூன்றாவது வரிசையில் கோழிதான் உட்காரலாம் என்கிற லட்சணத்தில் இருந்தது. போகிற இடத்தில் எல்லாம் விலையைக் கேட்டு மலைத்தார்கள், திரும்பி வந்தால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, போன தை மாசமே வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாகப் பெருந்துறை. கறுப்பாக, கோயில் யானை நிற்கிற மாதிரி நின்றிருந்த அந்த வண்டியைப் பார்த்ததும் தெய்வசிகாமணிக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடியது. உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டார். அங்கே விற்பனைக்கு இருந்த பெண் தாரணி, கெட்டிக்காரி, சிரித்த முகம்.

"சார், இந்த ரகத்துலயே இதுதாங்க பெரிசு. அடுத்த மாசம் வெலை ஏறுதுங்க."

"எதுக்கு அம்மிணி ஏறுது?"

"இரும்பு ஏறிருச்சு, டாலர் ஏறிருச்சு, பாதுகாப்புக்குன்னு என்னென்னமோ சேத்திருக்காங்க சார்."

"கொப்பரை ஏறலியே?" என்றார் தெய்வசிகாமணி. மழை இல்லை, வெள்ளை ஈ விழுந்துவிட்டது, மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் கொப்பரை விலையை ஏற்றுவதற்குக் காரணம் அடுக்குகிறவர் அவர் என்பதைத் தாரணிக்கு யாரும் சொல்லவில்லை.

சென்னியப்பன் ஏறிப் படுத்தான். பின்கதவுக்கு வெளியே அவன் பாதம் இரண்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

"ஒரு சாண் பத்துல. ஒரு சாண் பத்தாத வண்டிக்கு இத்தன வெலையா?" என்று தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திரும்பிப் பார்க்காமல் நடப்பதும் முறைதான், பின்னாலேயே கூப்பிடுவார்கள். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை, நாலு நாள் கழித்துத்தான் தாரணியின் போன் வந்தது.

"சார், வளந்துருச்சுங்க. ஒரு சாண். வெலைப் பலகையும் தானா மாறிருச்சுங்க சார், நாங்க யாரும் தொடல."

போய்ப் பார்த்தார்கள். சென்னியப்பனின் கால் உள்ளே அடங்கியது, கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான். அப்போதே எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் விலை பேசாமல் வாங்குவது அவருக்கு வேட்டி கட்டாமல் வீதியில் இறங்குவது மாதிரி. படுத்துப் பார்த்தால் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, வானம்தான் தெரிகிறது, என் வீட்டுக்காரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வர வேண்டாமா என்றார். அடுத்த வாரம் ஜன்னல் கண்ணாடிகள் சேலை முந்தானை இறங்கின மாதிரி கீழே வரைக்கும் இறங்கியிருந்தன, விலை மேலே ஏறியிருந்தது. சென்னிமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, குழியில் தூக்கிப் போடுகிறது என்றார். அதற்கப்புறம் அந்த வண்டி வேகத்தடையில் ஏறி இறங்குவதே உள்ளே தெரியவில்லை, நெஞ்சின் மேல் வைத்த சொம்புத் தண்ணீர் அலுங்கவில்லை என்று சென்னியப்பன் சத்தியம் செய்தான். விலையும் அலுங்காமல் ஏறியது. இதோடாவது விட்டாரா, ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தரம், கறுப்பு இன்னும் கறுப்பாக இருக்கலாம் என்று ஒரு தரம், வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். வண்டி பாவம் அத்தனையும் கேட்டுக்கொண்டது. எது மனசிலிருந்து வருகிற குறை, எது விலைக்காகச் சொல்கிற குறை என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை.

ஊர் இதற்குள் வண்டியைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. விலை ஏறியது நியாயம் என்றவர்கள், சாணுக்கும் ஜன்னலுக்கும் கொடுக்கத்தான் வேண்டும், சதை போட்ட கிடாயை எலும்புக் கிடாய் விலைக்கு எவன் கொடுப்பான் என்றார்கள். அநியாயம் என்றவர்கள், ஹாரனுக்கும் கறுப்புக்கும் சேர்த்து வாங்குகிறானே, அதைச் சொல் என்றார்கள். இரண்டு தரப்பிலும் பெண் எடுத்துப் பெண் கொடுத்தவர்கள் இருந்ததால் பேச்சு பந்திவரைக்கும் போய், ஒரு காதுகுத்தில் ஒருத்தர் இலையை மடக்கிவிட்டு எழுந்தார். மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர்கள் பஸ் ஏறிப் போய், வண்டியை முன்னும் பின்னும் தடவிப் பார்த்து, பின்கதவுக்குப் பக்கத்தில் தகட்டில் ஒரு சின்னச் சுழி இருக்கிறது, ராசியான இடம், குடும்பம் பெருகும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். வளர்ந்த வண்டி முட்டிக்கொண்டதால் ஷோரூமின் முன்கண்ணாடியைக் கழற்றினார்கள். கம்பெனியிலிருந்து டை கட்டினவர்கள் வந்து நாடா பிடித்து அளந்து, இது வாரண்டியில் வராது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு ஊர்க்காரர்களும் வந்து, எனக்கு இன்னும் ஒரு வரிசை சீட்டு வேண்டும், எனக்கு மேலே மாடி வேண்டும் என்று குறை சொல்லிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. மனசைப் பறிகொடுத்தவன் சொன்னால்தான் அதற்குக் காது கேட்டது, என்ன ஒரு பிறவி பாருங்கள்.

கடைசியில் விலை தெய்வசிகாமணியின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய் நின்றது. இன்னும் விலை ஏறட்டும் என்று அவர் விற்காமல் பூட்டி வைத்திருந்த கொப்பரை குடோனில் இருந்தது, அதை விற்றால்தான் உண்டு. இங்கே விலை இறங்கட்டும், அங்கே விலை ஏறட்டும் என்று அவர் நடுவில் உட்கார்ந்திருக்க, சிந்துஜாவுக்கு எட்டாம் மாசம் முடிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவளே போன் செய்து, அம்மா வர வேண்டாம், நானே வந்துவிடுகிறேன் என்றாள். சரி கண்ணு என்று சொல்லிப் போனை வைத்த பூங்கோதை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாம்பாரில் பெருங்காயம் இல்லை, அவள் சத்தம் போடவில்லை.

தெய்வசிகாமணி சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் எழுந்து வந்து கட்டில் ஓரம் நின்றார்.

"கோதை, வெலை ரொம்ப எச்சா இருக்குது புள்ள."

"எத்தனை கொறை சொன்னீங்க அதப் பத்தி?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

"கணக்கே இல்ல."

"அப்ப நல்ல வண்டிதான்," என்றாள். அப்புறம் திரும்பினாள். "கொப்பரைய இன்னைக்கு என்ன வெலையோ அதுக்குக் குடுத்துப்போட்டு, நாளைக்கு வண்டிய எடுத்துட்டு வாங்க. கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. என்ற மேல ஆணை."

கொப்பரை அன்றைய விலைக்குப் போனது. மறுநாள் காலை வண்டி எடுக்க ஊரில் பாதி கிளம்பியது, நியாயக்காரர்கள் ஒரு வேனில், அநியாயக்காரர்கள் ஒரு வேனில். தெய்வசிகாமணி வாயைத் திறந்துவிடக் கூடாது என்று சென்னியப்பன் வழிநெடுக வெற்றிலையாக மடித்து மடித்து அவர் வாயில் திணித்துக்கொண்டே வந்தான். ஷோரூமில் வண்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். தெய்வசிகாமணி சுற்றி வந்தார். மாலை ஒரு பக்கம் கோணலாக இருந்தது, அதைப் பார்த்துவிட்டு வெற்றிலையை இன்னும் பலமாக மென்றார். காகிதங்களில் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். இனி தொகையை எழுதிச் சாவி கொடுக்க வேண்டியதுதான் என்கிறபோது, வெளியூர்க்காரரான மேனேஜர், வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"எல்லாம் திருப்திதானே சார்? குறை ஒண்ணும் இல்லையே?"

தாரணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சென்னியப்பன், "மச்சான், வேண்டாமுங்க" என்று கையைப் பிடித்தான். தெய்வசிகாமணி போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். வண்டியின் முன்னால் நின்று, மேனேஜரிடம் இல்லை, வண்டியிடம் சொன்னார்.

"ஒரே ஒரு கொறைதான். நீ ரெண்டு வருசம் முந்தி வந்திருக்கோணும். அவ உழுந்தன்னைக்கு அந்தச் சின்னக் காருக்குள்ள மடக்கித்தான் உக்கார வெச்சுக் கொண்டு போனேன். கத்திக்கிட்டே வந்தா. அன்னைக்கு நீ இருந்திருந்தா நீட்டிப் படுக்க வெச்சுக் கொண்டு போயிருப்பேன்."

வண்டியின் விளக்குகள் எரிந்து அணைந்தன. அது இரண்டு வருஷம் பின்னால் போய் அந்தக் குறையையும் சரி செய்யப் பார்த்தது. உடம்பெல்லாம் நடுங்கியது, டயர்கள் நின்ற இடத்திலேயே பின்பக்கமாகச் சுழன்று தேய்ந்தன, மாலை அறுந்து விழுந்தது. பலகையில் விலை ஏறியது, ஏறியது, குடோனையும் தோப்பையும் வீட்டையும் தாண்டி, ஊரிலுள்ள எல்லாருடைய சொத்தையும் தாண்டி, எண் போட இடம் இல்லாமல் பலகை முழுக்க நிறைந்து, பட்டென்று இருண்டது. வண்டி அடங்கி நின்றது. விளக்கு இரண்டும் மங்கலாக, அழுதுவிட்டு வந்த கண் மாதிரி எரிந்துகொண்டிருந்தன.

தெய்வசிகாமணி போய் அதன் நெற்றியில் கை வைத்தார்.

"பரவால்ல, உடு," என்றார். "அது உன்னால ஆகாது. என்னாலயும் ஆகுல."

பலகை இருண்டுவிட்டதால் என்ன விலை என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. காலையில் கடைசியாக என்ன காட்டியதோ அதையே எழுதச் சொல்லி, துண்டுக்குள் விரல் பிடிக்காமல், ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லாமல் தெய்வசிகாமணி கொடுத்தார். அநியாயக்காரர்களின் வேனில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்து டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

ஒன்பதாம் மாசம் பிறந்த நல்ல நாளில் பூங்கோதை பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வண்டிக்குள் கால் நீட்டிப் படுத்தாள். வீட்டுக் கூரையையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு நொய்யல் பாலம், கரூர்ப் பக்கத்து ரோட்டு வேம்புகள், காவிரி, சைக்கிளில் போகிறவன் கேரியரில் கட்டியிருந்த சேவல் வரைக்கும் தெரிந்தது. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சம்பந்தி வீட்டு வாசலில் இரண்டு படி. வண்டி வந்து நின்றதும் சிந்துஜா நிறைவயிறோடு வெளியே ஓடி வந்தாள். முன்சீட்டில் அப்பா, பக்கத்தில் மாமா, அம்மாவைக் காணோம். அவள் முகம் வெளுத்துவிட்டது. தெய்வசிகாமணி வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசலோடு ஒட்டி நிறுத்தினார். பின்கதவு திறந்தது. அப்போது வண்டி, யாரும் எந்தக் குறையும் சொல்லாமல், தானாகவே பின்பக்கத்தை மெல்லத் தாழ்த்தி, தன் தரையைச் சம்பந்தி வீட்டு வாசற்படியோடு சமமாக வைத்து நின்றது. உள்ளே பூங்கோதை ஒருக்களித்துப் படுத்து, பூவும் வளையலும் வைத்த தட்டை முன்னால் நகர்த்தி, படுத்தபடியே கைகூப்பினாள்.

"சம்பந்தியம்மா, என்ற மகளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கறனுங்க."

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தி," என்றாள் சிந்துஜாவின் மாமியார்.

சிந்துஜா படி இறங்கவில்லை. வாசற்படியிலிருந்து வலது காலை எடுத்து நேராக வண்டிக்குள் வைத்தாள், அம்மாவின் பக்கத்தில் படுத்தாள். பூங்கோதை மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, கால் வீங்கியிருக்கிறதே, உப்பைக் குறைக்கச் சொன்னேனே என்று ஆரம்பித்துவிட்டாள்.

சிந்துஜாவின் மாமனார் வேட்டியைச் சரி செய்துகொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தெய்வசிகாமணியின் காதருகே மெதுவாக விலையைக் கேட்டார். அந்தப் பக்கத்தில் யாரும் வாங்கின விலையை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். தெய்வசிகாமணி ஒரு ரூபாய் மறைக்காமல் சொன்னார்.

"சாஸ்தி இல்லீங்களா சம்பந்தி?"

தெய்வசிகாமணி வண்டிக்குள் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"சாஸ்திதானுங்க," என்றார். "இன்னும் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பனுங்க."